அந்த ஒரு தலையசைப்பு

"அக்கா, கடைசிப் பாட்டு நடுவுல கிட்டார் வாசிச்சவரும் டிரம்ஸ் வாசிச்சவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சாங்களே, எதுக்கு?"

கச்சேரி முடிந்து வெளியே வந்ததும் தம்பி கேட்ட முதல் கேள்வி இது. ஒரு ராக் குழுவை அவன் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. அத்தனை வெளிச்சம், அத்தனை சத்தத்துக்கு நடுவில் அந்தச் சிரிப்பு அவன் கண்ணில் பட்டிருக்கிறதே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நடந்தது இதுதான். அந்தப் பாட்டின் பதிவில் கிட்டார் தனியாக வருவது எட்டே 'பார்', அதாவது எட்டுத் தாளக் கட்டம். எனக்கு மனப்பாடம். அன்றைக்கும் எட்டு முடிந்தது. பல்லவிக்குத் திரும்ப டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கிவிட்டார். தூக்கிய கையோடு கிட்டார்காரரைப் பார்த்தார். அவர் விரல் நிற்கவில்லை. தலையை மட்டும் லேசாக இடமும் வலமும் ஆட்டினார். இப்போது வேண்டாம். தூக்கிய குச்சி அப்படியே சிம்பல் என்கிற உலோகத் தட்டில் இறங்கி இன்னொரு சுற்றை ஆரம்பித்தது. அது முடிந்து இன்னொன்று. பேஸ் கிட்டார் வாசித்தவர் அந்தக் கிட்டார்காரரைப் பார்க்கவே இல்லை, டிரம்ஸ் மிதிக்கிற காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது சுற்றின் கடைசியில் கிட்டார்காரர் மோவாயை ஒரு வெட்டு வெட்டினார். பாடகி உட்பட நாலு பேரும் ஒரே அடியில் பல்லவியில் வந்து விழுந்தார்கள். அப்போது வந்ததுதான் அந்தச் சிரிப்பு.

"அப்போ முன்னாடியே பேசி வைச்சுக்கலையா?"

"இல்லடா. நம்ம கண்ணு முன்னாடிதான் முடிவு பண்ணாங்க."

பிடித்த குழுவை ஏன் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், பாட்டுதான் போனிலேயே இருக்கிறதே என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் இந்தத் தலையசைப்புதான். பதிவில் முடிவுகள் எல்லாம் எடுத்தாகிவிட்டது. மேடையில் இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் நான் போகிறேன்.

காது கைவிட்டால்கூட கண்ணை வைத்து ஒரு குழு ஓடிவிடும் என்பதற்கு இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 1965 ஆகஸ்ட் 15, நியூயார்க்கின் ஷே ஸ்டேடியம், சுமார் 55,600 பேர். மேடையில் தங்கள் குரலைத் தாங்களே கேட்டுக்கொள்ள இன்றைக்கு இருக்கிற மானிட்டர் ஸ்பீக்கர் வசதியெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. ரசிகர்களின் கத்தலில் எதுவும் கேட்காது. பாட்டு எந்த இடத்தில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க, முன்னால் நிற்கிறவர்களின் முதுகுப்புறமும் தலையும் ஆடுவதையும் கால் தட்டுவதையும் பார்த்துத்தான் டிரம்ஸ் வாசித்ததாக அந்தக் குழுவின் ரிங்கோ ஸ்டார் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டே, 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் வாசித்ததோடு அவர்கள் டிக்கெட் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு இது வருத்தமான கதை. ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் கேட்க முடியாத மேடையில் எத்தனை நாள் நிற்க முடியும்?

நாட்டுப்புற இசைக்குழுக்களிடம் இந்தக் கண்ஜாடை இன்னும் பச்சையாகத் தெரியும். அயர்லாந்தின் ரீல் என்கிற நடன மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டு பகுதி, பகுதிக்கு எட்டு பார், ஒவ்வொன்றும் இரண்டு தடவை. ஆக ஒரு சுற்றுக்கு 32 பார். இரண்டோ மூன்றோ சுற்று போய்விட்டு, மூச்சு விடாமல் அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். இப்படிக் கோத்து வாசிப்பதற்குத்தான் 'செட்' என்று பெயர். எந்தச் சுற்றில் தாவுவது என்பதை ஒரு புருவமோ, 'ஹப்' என்று ஒரு குரலோ சொல்லும். அமெரிக்காவின் ஓல்ட் டைம் என்கிற நாட்டுப்புற இசையில் ஃபிடில், அதாவது வயலின், வாசிப்பவர் ஒரு காலைத் தூக்கிக் காட்டுவார். இதுதான் கடைசிச் சுற்று என்று அர்த்தம். கையும் மோவாயும் ஃபிடிலில் மாட்டிக்கொண்டிருக்கும்போது வேறு என்னதான் செய்வது!

ஒரு சின்ன அரங்கில் இப்படி ஒரு குழுவை இரண்டாவது வரிசையிலிருந்து பார்த்தேன். ஃபிடில் வாசித்த பெண்மணிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வில்லில் மூன்று நான்கு மயிர் அறுந்து, ஒவ்வொரு இழுப்புக்கும் வெளிச்சத்தில் பறந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பிய்த்து எறியக்கூட இல்லை. மெட்டு மாறப்போகிற இடத்துக்கு ஒரு பார் முன்னால், பக்கத்தில் அக்கார்டியன் வாசித்த பையனை ஓரக்கண்ணால் பார்த்தார். பையன் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான், தாண்டிவிடும் என்று எனக்குப் பதறியது. அவர் பாதத்தால் பலகையில் ஒரு தட்டு தட்டினார். பையன் கண்ணைத் திறந்தான், அடுத்த நொடி இருவரும் புதிய சுருதியில் இருந்தார்கள். கூட்டம் எழுந்து நின்று கூவியது. நானும்தான்.

ராக் வேறு, நாட்டுப்புறம் வேறு என்று சண்டை போட்ட காலம் ஒன்று இருந்தது. 1965 ஜூலை 25 அன்று நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில், நாட்டுப்புறப் பாடகராகப் பேரெடுத்த பாப் டிலன் எலெக்ட்ரிக் கிட்டாரோடு ஏறியதும் கூட்டத்தில் கூச்சல் கிளம்பிய கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிட நெருக்கமானது அடுத்த ஆண்டு மே 17, மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹால். அரங்கிலிருந்து ஒருவர் "யூதாஸ்!" என்று, துரோகி என்கிற அர்த்தத்தில், கத்துகிறார். நம்பமாட்டேன், நீ பொய்யன் என்று டிலன் பதில் சொல்கிறார். சொல்லிவிட்டுத் தன் குழுவினர் பக்கம் திரும்பி, சத்தமாக வாசிக்கச் சொல்கிறார். டிரம்ஸ் இடி மாதிரி இறங்குகிறது. 1998இல்தான் அந்தப் பதிவு முறைப்படி வெளிவந்தது. எத்தனை தடவை கேட்டாலும் அந்தத் திரும்பலில் எனக்குப் புல்லரிக்கும். மொத்த அரங்கும் முறைத்துக்கொண்டிருக்கிறது. அவருக்குத் திரும்பிப் பார்க்க நாலைந்து பேர் இருக்கிறார்கள். பிறகு 1969இல் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்கிற இங்கிலாந்துக் குழு, பழைய ஆங்கிலக் கதைப்பாடல்களை எலெக்ட்ரிக் கிட்டாரோடு வாசித்து வட்டு போட்டது. அதில் ரிச்சர்ட் தாம்சனின் கிட்டாரும் டேவ் ஸ்வார்ப்ரிக்கின் ஃபிடிலும் ஒன்றையொன்று துரத்துவதைக் கேட்டவர்களுக்கு அந்தப் பழைய சண்டையே புரியாது.

இரண்டு பேர் பார்த்துக்கொண்டால் பாட்டு எங்கே போகும் என்பதற்கு அளவே இல்லை. தி ஹூ என்கிற ராக் குழு ஸ்டூடியோவில் மூன்றேகால் நிமிடத்தில் முடித்த ஒரு பாட்டு, 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடத்தில் 14 நிமிடத்தைத் தாண்டியது. கிரேட்ஃபுல் டெட் என்கிற அமெரிக்க ராக் குழு 1965 முதல் 1995 வரை சுமார் 2,300 கச்சேரி வாசித்தது. அடுத்த பாட்டு எது என்பதைப் பல நாள் மேடையிலேயே முடிவு செய்தார்கள். ஒரு நாள் மாதிரி இன்னொரு நாள் இருக்காது என்பதால்தான் ரசிகர்கள் ஊர் ஊராகப் பின்னால் போனார்கள். ஒலிப்பதிவு செய்கிற ரசிகர்களுக்கென்றே 1984இல் தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தது அந்தக் குழு.

இப்போது என் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய பெரிய கச்சேரிகள் பலவற்றில் வாசிப்பவர்களின் காதுக்குள், தாளம் காட்டும் மெட்ரோனோம் ஒன்று டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. பின்னால் ஓடுகிற வீடியோவும் விளக்கும் முன்பே பதிவு செய்த வாத்தியங்களும் அந்த டிக்கோடு பூட்டப்பட்டிருக்கின்றன. ஒரு பாருகூடக் கூடுதலாக வாசிக்க முடியாது. வாசித்தால் திரையில் படம் முந்திக்கொண்டு ஓடிவிடும். அதற்கும் உழைப்பு வேண்டும், அழகும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நான் உயிராக நேசித்த ஒரு குழுவை இரண்டு ஊர்களில் அடுத்தடுத்துப் பார்த்தபோது, இரண்டாம் நாளும் அதே பெருமூச்சு அதே இடத்தில் வந்தது. இரண்டரை மணி நேரத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து தூக்கம் வரவில்லை எனக்கு. காலப்பிரமாணம் கொஞ்சம் ஓடட்டும், உற்சாகத்தில் வேகம் கூடட்டும், ஒருவர் தப்பாக எடுத்து இன்னொருவர் தாங்கிப் பிடிக்கட்டும். அதற்குத்தானே டிக்கெட் எடுக்கிறோம்?

முதல் முறை போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன், எங்கே நிற்கிறோம் என்பதைப் பாருங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி நின்றால் குச்சி விழுந்து பத்தில் ஒரு நொடி கழித்துத்தான் அடி கேட்கும். பெரிய திரையை நம்பவும் வேண்டாம். கிட்டார்காரர் தலையசைக்கிற நேரத்தில் கேமரா பாடகரின் முகத்தில் இருக்கும். காதடைப்பான் கட்டாயம். 100 டெசிபலில் 15 நிமிடத்துக்கு மேல் காதைக் கொடுக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியோஷின் பரிந்துரை. கச்சேரியோ இரண்டு மணி நேரம் நடக்கிறது. காது இருந்தால்தான் அடுத்த கச்சேரி.

தம்பி இப்போது பேஸ் கிட்டார் கற்றுக்கொள்கிறான். அடுத்த மாதம் அதே குழு மறுபடி வாசிக்கிறது, இந்த முறை சின்ன அரங்கு. இருவருக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. சீக்கிரம் போய் மேடைக்கு இடப்பக்கம் நிற்க வேண்டும் என்கிறான். அங்கிருந்துதான் டிரம்ஸ்காரரின் கால் தெரியுமாம்.