புரை 'முத்தும்' வரை காத்திருக்க வேண்டாம்

"கண்புரை நல்லா முத்தின பிறகுதான் ஆபரேஷன் பண்ணணும், அதுவரை சொட்டு மருந்து போட்டாலே கரைஞ்சிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

முத்தட்டும் என்பது நம் தாத்தா காலத்துப் பேச்சு. அப்போது புரை படிந்த கண்ணின் இயற்கை லென்ஸை முழுசாக வெளியே எடுப்பார்கள், முத்தினால் எடுக்க வசதி. இப்போது சுமார் 3 மி.மீ. வெட்டு போதும், அதன் வழியே அல்ட்ராசவுண்டால் புரையை உடைத்து உறிஞ்சிவிட்டு, மடித்த செயற்கை லென்ஸை உள்ளே வைக்கிறார்கள். முத்திக் கல்லாகிப்போன புரையை உடைக்கக் கூடுதல் சக்தி வேண்டும், கருவிழிக்கு அது நல்லதல்ல. ரொம்ப முத்தினால் உள்ளிருக்கும் புரதம் கசிந்து கண் அழுத்தம் ஏறிப் பார்வையே போகலாம்.

எங்கள் அத்தை இப்படித்தான் காத்திருந்தார். டம்ளருக்கு வெளியே காபி ஊற்றிய அன்றைக்குத்தான் கூட்டிப்போனோம். 'முன்னாடியே வந்திருக்கலாமேம்மா' என்றார் டாக்டர்.

புரையைக் கரைப்பதாக நிரூபிக்கப்பட்ட சொட்டு மருந்து எதுவும் கிடையாது. (தேன், வெங்காயச் சாறு கோஷ்டியும் தயவுசெய்து கண்ணை விட்டுவிடுங்கள்.) அதற்காகப் புரை என்றதுமே ஓட வேண்டியதும் இல்லை. படிக்க, வண்டி ஓட்ட, படி இறங்கச் சிரமமாக இருக்கிறதா? அப்போது டாக்டரிடம் பேசுங்கள்.