இடது பாதி சொன்ன காரணம்

குழந்தைகளுக்கு 'வலது மூளைப் பயிற்சி' பரிந்துரைக்கும் உங்கள் கட்டுரை, மனிதர்களை 'இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர்' என்று பிரித்திருப்பது வருத்தமளிக்கிறது. மூளை ஆய்வாளர் ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் பெற்றுத் தந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. கடும் வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக, மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புப் பாலம் வெட்டப்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு அது.

அவருடைய மாணவர் மைக்கேல் கசானிகா பின்னர் செய்த சோதனை என்னை உலுக்கிவிட்டது. அத்தகைய ஒருவரின் இடது பாதிக்குக் கோழிக்கால், வலது பாதிக்குப் பனிக்காட்சி காட்டப்பட்டது. பொருத்தமான படத்தைக் கேட்டதும் இடது பாதி இயக்கும் வலது கை கோழியையும், வலது பாதி இயக்கும் இடது கை பனியை அள்ளும் மண்வாரியையும் சுட்டின. மண்வாரி எதற்கு என்று அவரிடம் கேட்டார்கள். பேசும் இடது பாதி பனியைப் பார்க்கவே இல்லை. ஆனாலும், கோழிக்கொட்டகையைச் சுத்தம் செய்ய என்று தயங்காமல் பதில் வந்தது! அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பினார்.

இதை விட்டுவிட்டுக் குழந்தைகளுக்கு 'வலது மூளைப் பயிற்சி' பரிந்துரைப்பது நியாயமா?