சீட்டு எழுதிய நாளில் அப்பத்தாவுக்கு வயது 79

உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறேன். சென்ற மாதம் ஓர் அப்பத்தாவைப் பேரன் பைக்கில் வைத்துக் கூட்டி வந்தான். நான்கு நாளாக மலம் தார் போலக் கறுத்துப் போகிறது, எழுந்தால் கண்ணைக் கட்டுகிறது என்றார். ஹீமோகுளோபின் 6, மிகக் குறைவு. அவருடைய மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தேன். ரத்தம் உறையாமல் காக்கும் அபிக்சபான் 5 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று. அதோடு முழங்கால் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக் அட்டை, பாதி காலி. இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம்.

அவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறை சீராகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். நாடி தாளம் தப்பி அடிக்கும். நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடும். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு. ஆகவே ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை அவருக்குத் தேவைதான்.

அளவுதான் சிக்கல். வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் 1.5 அல்லது அதற்கு மேல்: இந்த மூன்றில் இரண்டு இருந்தால் அபிக்சபானை 2.5 ஆகக் குறைக்க வேண்டும். மதுரையில் சீட்டு எழுதிய நாளில் அப்பத்தாவுக்கு வயது 79, எடை 52 கிலோ, கிரியேட்டினின் 0.9. மூன்றில் ஒன்றுதான். எழுதியவர் சரியாகவே எழுதியிருக்கிறார். இப்போது வயது 81, எடை 48. சீட்டு அப்படியே இருந்தது, அப்பத்தாவுக்கு வயது ஏறிவிட்டது. இடையில் இரண்டு வருடம் அந்தத் தாளை யாருமே திரும்பப் பார்க்கவில்லை. இரண்டு வருடமும் அவர் ரத்த அழுத்த மாத்திரைக்காக எங்கள் வாசலுக்குத்தான் வந்துகொண்டிருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு வலிக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி, வயிற்றுப் புண்ணை ஆற்றி அனுப்பினார்கள். மகன் வந்து, அந்த மாத்திரையே இனி வேண்டாம் என்றார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே வாரத்தில் நான் பார்த்த இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மல்லிகை போடும் விவசாயி, அதே நோய், அதே மாத்திரை. 68 வயது, 70 கிலோ, சிறுநீரகத்தில் குறை இல்லை. செலவுக்குப் பயந்து இரவு மாத்திரையை விட்டுவிட்டுக் காலையில் மட்டும் சாப்பிட்டு வந்தார். இந்த மருந்தின் வேலை அரை நாளிலேயே தணிந்துவிடும். அதனால்தான் இரண்டு வேளை. பக்கவாதம் வந்து, இப்போது அவரால் வலது கையால் பூப் பறிக்க முடியவில்லை.

வயதானவர், கீழே விழுந்துவிடுவார், ஆஸ்பிரின் போதும் என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களிடம் வந்த, இந்த நோய் உள்ள, 75 வயதும் அதற்கு மேலும் ஆன 973 பேரை வைத்து நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. ரத்தம் உறையாமல் காக்கும் பழைய மாத்திரையான வார்ஃபரின் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கு வந்ததில் பாதிக்கும் குறைவு. பெரிய ரத்தக்கசிவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதற்குப் பிறகும் ஆஸ்பிரினைப் பாதுகாப்பான நடுவழி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

வாத நோயால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களும் உலோக வால்வு வைத்தவர்களும் தனிக்கணக்கு. அவர்களுக்கு வார்ஃபரினோ அதே வகையைச் சேர்ந்த அசிட்ரோமோதான். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனைக்கு மதுரைக்குப் பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போகிறது. விரல் நுனி ரத்தத்தில் ஐஎன்ஆர் காட்டும் சிறு கருவி வட்டாரத்துக்கு ஒன்றாவது வர வேண்டும். (கீரை இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பதற்காக முருங்கைக்கீரையைத் தொடவே கூடாது என்று இவர்களை மிரட்டுவதும் வேண்டாம். ஒரு வாரம் நிறைய, மறு வாரம் இல்லை என்று மாற்றாமல் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும்.)

நான் கேட்பது பெரிய செலவில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் நம் பணியாளர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். பிரஷர் பார்க்கும் கையோடு ஒரு நிமிடம் நாடியையும் பிடித்துப் பார்க்கட்டும். தாளம் தப்பினால் ஈசிஜிக்கு அனுப்பட்டும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வருடம் ஒருமுறை, 75ஐத் தாண்டியவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எடையும் கிரியேட்டினினும் எங்களிடமே பார்க்கட்டும். அளவை மாற்றும் பொறுப்பையும் எங்களிடம் தாருங்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களிடம் ஒன்று: பெரியவர்கள் வலி மாத்திரை கேட்டால், ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். இடுப்பு ஊசி போடுகிறவர்களும் அதையே கேட்க வேண்டும். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கட்டி உள்ளங்கை அளவு வீங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் இந்த மாத்திரை சாப்பிடும் பெரியவர் இருந்தால் சீட்டின் தேதியைப் பாருங்கள். ஒரு வருடம் தாண்டியிருந்தால் அழைத்து வாருங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வலி மாத்திரை அட்டையையும் பையிலேயே போட்டு எடுத்து வரச் சொல்லுங்கள். ஒளிக்க வேண்டாம், திட்டமாட்டோம்.