ஆறும் மழையும் கதைக்குப் பின்னணி இல்லை

ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஒருவர், இயற்கையை முன்னால் வைத்து எழுதிய ஒரு நாவலைக் கிண்டல் செய்து பேசினார். அந்தப் பேச்சைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் காலையிலிருந்து ஆளாளுக்கு அந்தக் காணொளியைப் பகிர்ந்து "சரியாகச் சொன்னார்" என்று கைதட்டுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நாவல் என்றால் மனிதர்கள்தானாம், மரமும் மழையும் ஆறும் பின்னணியாம், அதை முன்னால் கொண்டுவந்தால் பாடப்புத்தகமாகிவிடுமாம்.

எதுங்க பின்னணி? மாட்டுக்கு வலி குறைய டைக்ளோஃபினாக் ஊசி போட்டார்கள். அந்த மாடு செத்ததும் அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. 2006-ல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்வதற்குள் முக்கியமான கழுகு இனங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் போய்விட்டன. தின்ன ஆளில்லாமல் கிடந்த பிணங்களுக்குத் தெருநாய்கள் வந்தன, பெருகின, கூடவே வெறிநாய்க்கடி பயமும் வந்தது. மாட்டின் மேல் இரக்கப்பட்டு ஊசி போட்டவரின் பிள்ளையையே நாய் கடிக்கிறது என்று ஒருவர் நாவல் எழுதினால் அதில் கழுகு பின்னணியா? கழுகை எடுத்துவிட்டால் அந்தக் குழந்தைக்குக் கதையே கிடையாது.

முன்பு ஒரு கதை எழுதினேன். ஒரு கணவன், மனைவி, வற்றிக்கொண்டே போகும் ஒரு கிணறு. அவள் கயிற்றோடு இன்னொரு கயிறு முடிந்து வாளியை இறக்குவாள், வாளி தண்ணீரில் விழாமல் பாறையில் மோதும், அந்தச் சத்தம் கேட்டுத்தான் வீட்டில் முதல் சண்டையே தொடங்கும். பத்திரிகையில் சண்டையை வைத்துக்கொண்டு கிணற்றுப் பகுதியை வெட்டிவிட்டார்கள், "வர்ணனை அதிகம்" என்று. அச்சில் பார்த்தால் அவள் காரணமே இல்லாமல் எரிந்து விழுகிறவளாக நிற்கிறாள். "இந்தப் பெண்ணுக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று ஒரு வாசகர் கடிதமும் வந்தது. அவளுடைய கோபத்தின் காரணத்தைத்தானே வெட்டினீர்கள்! இன்றைக்கும் அந்த இதழை என்னால் எடுத்துப் பார்க்க முடியவில்லை.

உடனே "அப்போ பிரச்சாரம் செய்யலாமா?" என்று வருவீர்கள். மோசமாக எழுதினால் காதலும்தான் பிரச்சாரம். மரம் உட்கார்ந்து தத்துவம் பேசும் கதைகள் எனக்கும் அலுக்கின்றன, சரி, அவற்றை விட்டுவிடுங்கள். "இதையெல்லாம் யார் படிப்பார்கள்?" என்றால், மரங்களைச் சுற்றியே அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் பவர்ஸ் எழுதிய நாவலுக்கு 2019-ல் புலிட்சர் விருது கொடுத்தார்கள். பருவநிலை மாற்றத்தைத் தீவிர இலக்கியம் கண்டும் காணாமல் போகிறது என்று நாவலாசிரியர் அமிதவ் கோஷ் 2016-லேயே ஒரு புத்தகம் முழுக்கச் சொல்லிவிட்டார். அவ்வளவு தூரம் போவானேன், நிலத்தையும் பொழுதையும் பாட்டுக்கு அடிப்படையான முதற்பொருளாக வைத்தது தொல்காப்பியம். மனிதரின் உணர்ச்சி அதில் வேர்விட்டுத்தான் வரும். அந்த மொழியில் எழுதிக்கொண்டு மழையைப் பின்னணி என்கிறோம்.

கூட்டத்தில் பேசியவர் கிண்டல் செய்த அந்த நாவலை எழுதியவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார், காணொளியிலேயே தெரிகிறது. எல்லோரும் சிரித்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். மாற்றுக்கருத்து சொல்வதற்கு இவ்வளவு பேர் சேர்ந்து சிரிக்க வேண்டுமா? சிரித்தவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தீர்கள்? படித்துவிட்டு வாருங்கள், எவ்வளவு நேரமானாலும் பேசுகிறேன். படிக்காதவர்களுக்குக் கீழே பதில் சொல்லப் போவதில்லை.