காட் ரோடும் ஹைட்ராலிக் ஹைபிரிட் லாரியும்

ஹைட்ராலிக் ஹைபிரிட் வந்தால் ஊட்டி காய்கறி லாரிகளுக்கு டீசல் செலவு பாதியாகிவிடும் என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. தொழில்நுட்பம் நல்லதுதான், மாட்டச் சொல்லும் வண்டிதான் தப்பு.

பிரேக்கில் வீணாகும் சக்தியைச் சேமித்து வைக்க இதில் பேட்டரிக்குப் பதில் அக்யூமுலேட்டர், அதாவது நைட்ரஜன் அடைத்த எஃகு உருளை. பிரேக் போட்டால் சக்கரம் பம்பைச் சுற்றும். பம்ப் ஆயிலைத் தள்ளி வாயுவை 300 பார் அழுத்தத்துக்கு மேல் நெருக்கும். கிளம்பும்போது அந்த ஆயில் திரும்பி வந்து சக்கரத்தைச் சுழற்றும். சக்தியை வாங்குவதிலும் கொடுப்பதிலும் வேகம் அதிகம், கொள்ளளவு மட்டும் ரொம்பச் சின்னது.

10 டன் லாரி குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் இறங்குகிறது. அதில் அடங்கியிருக்கும் சக்தி 14 கோடி ஜூலுக்கு மேல். உருளை 10 லட்சம் ஜூல் பிடிக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். சுமார் 10 மீட்டர் உயரம் இறங்கியதுமே நிரம்பிவிடும்! மிச்ச மலை முழுக்க வழக்கம்போல இரண்டாவது கியரும், பர்லியாரில் மூக்கைத் துளைக்கும் பிரேக் லைனர் வாசனையும்தான். (நியூட்ரலில் இறக்கி மிச்சம் பிடிக்கும் அண்ணன்மார்களே, எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரோடு இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே டீசல் நின்றுவிடும். எதற்கு இந்த விஷப்பரீட்சை?)

இது நின்று நின்று போகும் வண்டிகளுக்கானது. 2006-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை யுபிஎஸ் என்ற பார்சல் நிறுவனத்தின் டெலிவரி வண்டி ஒன்றில் மாட்டிக் காட்டியது. ஆய்வகச் சோதனையில், நகர ஓட்டத்துக்கு மைலேஜ் 60 முதல் 70 சதவீதம் கூடியது.

நம்மிடம் அப்படி ஓடுவது பச்சைத் தேயிலை எடுக்கும் வண்டி. கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்) நாலு மூட்டை, தராசு, சீட்டு, கிளம்பு. அடுத்த திருப்பத்தில் மறுபடி நிறுத்து. 5 டன் வண்டி 36 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் வீணாவது 2.5 லட்சம் ஜூல். உருளை தாங்கும் அளவுதான்.

ஆனால் மைலேஜ், உருளையை எப்போது நிரப்புவது என்று முடிவெடுக்கும் கண்ட்ரோலரின் கையில் இருக்கிறது. இருப்பதிலேயே எளிய முறையில், அழுத்தம் குறைந்தால் இன்ஜின் ஓடி உருளையை நிரப்பும், நிரம்பியதும் ஓய்ந்துவிடும். சமவெளிக்கு அது போதும். இங்கே, இறக்கத்துக்குச் சற்று முன்னால் டீசல் எரித்து நிரப்பி வைத்தால், சும்மா வரும் சக்தியை வாங்க இடம் ஏது? இறக்கம் நெருங்கும்போது உருளை காலியாக இருக்க வேண்டும், ஏற்றத்தின் அடியில் நிறைந்திருக்க வேண்டும். இலை வண்டிக்குத் தினமும் ஒரே தடம். அதன் மேடுபள்ளத்தை ஜிபிஎஸ்ஸோடு கண்ட்ரோலரில் ஏற்றிவிட்டால் முன்கூட்டியே முடிவெடுக்கும். அப்புறம் எடை. காலையில் காலியாகப் போன இறக்கத்தில் மாலையில் லோடோடு போனால் கிடைப்பது அதிகம், அதற்கேற்ப இடம் விட வேண்டும். எடைதான் ஒவ்வொரு ஹட்டியிலும் சீட்டில் எழுதுகிறார்களே!

ஊட்டி குப்பை வண்டிக்கும் இதே கணக்குதான்.