பேனருக்குப் பணம் உண்டு, பயிற்சியாளருக்கு இல்லை

சமூகக் கலைக் குழுக்களுக்கான உள்ளூர் மானியம் பற்றி நடந்த கூட்டத்தைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். வந்திருந்தவர்களுக்கு நடந்தது தெரியும், வராதவர்களுக்கும் இதற்குள் வாட்ஸப்பில் வந்து சேர்ந்திருக்கும். ஆனால் அந்த ஒரு கேள்வி இரண்டு நாளாகக் காதை விட்டுப் போகவில்லை. "ஆர்வத்துலதானே செய்றாங்க, கலைஞர்களுக்கு எதுக்குச் சம்பளம்?" கேட்டவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அது எனக்கும் தெரியும். சுற்றி உட்கார்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அதுதான் வலித்தது.

சமூகக் கலைக்கான உள்ளூர் மானிய விண்ணப்பத்தை ஒருமுறை நிரப்பியவர்களுக்கு அந்தச் செலவு அட்டவணை மனப்பாடமாகியிருக்கும். மண்டப வாடகை, ஒலிபெருக்கி வாடகை, பேனர், துண்டறிக்கை, போக்குவரத்து. எல்லாம் ஏற்கத்தக்க செலவு. வாராவாரம் வந்து நாடகம் சொல்லிக்கொடுப்பவரின் ஊதியம் என்று எழுதினால் மட்டும் சிவப்பு மை. எல்லா மானியங்களும் இப்படி இல்லை, கலைஞர் ஊதியத்தை முதல் செலவாக எழுதச் சொல்லும் திட்டங்களும் உண்டு. நான் பேசுவது நமக்கு வந்து வாய்த்ததைப் பற்றி.

அதே விண்ணப்பத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கள். மானியம் வேண்டுமென்றால் நம் பங்காகவும் ஒரு தொகை காட்ட வேண்டும். கையில் பணம் இல்லாவிட்டால் உழைப்பாகக் காட்டலாம். தன்னார்வலர்கள் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள், ஒரு மணிக்கு இவ்வளவு, பெருக்கி எழுது. ஆக, ஒரு மணி நேர உழைப்புக்கு விலை உண்டு என்று அந்தத் தாளுக்கே தெரிந்திருக்கிறது. இலவசமாகக் கொடுத்தால் அதற்கு மதிப்பு உண்டு, கூலி கேட்டால் மட்டும் இல்லாமல் போய்விடுகிறது. இது எந்த ஊர் நியாயம்?

மூன்று வருடத்துக்கு முன்னால் குழந்தைகளுக்கான நாடகப் பட்டறைக்கு எங்கள் குழு மானியம் வாங்கியது பலருக்கு ஞாபகம் இருக்கும். சனிக்கிழமை தோறும் ஒரு பயிற்சியாளர் வருவார். பழைய செய்தித்தாளைக் கிழித்து, பசையில் ஊறவைத்து, பலூன் மேல் ஒட்டி முகமூடி செய்யச் சொல்லித்தருவார். போகும்போது அவருடைய பத்து விரலிலும் பசை காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருக்கும். பேசவே பேசாத ஒரு பையன், முகமூடியைப் போட்டதும் சிங்கமாக மாறி அந்த அறையையே அதிர வைத்தான். அவன் அம்மா வாசலில் நின்று அழுதார். ஆறாவது வாரம் பயிற்சியாளரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: "சனி ஞாயிறு வேலை கிடைச்சிருக்கு, விட முடியல. மன்னிச்சுக்கோங்க." அவ்வளவுதான். பேனர் மட்டும் கடைசி வாரம் வரை தொங்கியது. அதற்குப் பில் இருந்தது, பணமும் வந்தது.

திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்கிறேன் என்று தோன்றலாம். சொல்லத்தான் வேண்டும். கலையின் செலவு என்பது ஆளின் செலவு. 1966-இலேயே பாமோல், போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் நிகழ்த்துகலைகளைப் பற்றி எழுதிய நூலில் இதை விளக்கிவிட்டார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒரே ஆள் பல மடங்கு பொருள் செய்யலாம். நால்வர் சேர்ந்து வாசிக்கும் இசைக்கு இருநூறு வருடம் கழித்தும் அதே நான்கு பேர்தான் வேண்டும், அதே நேரம்தான் ஆகும். மற்ற இடங்களில் கூலி ஏற ஏற இங்கே மட்டும் செலவு கூடிக்கொண்டே போகும். அந்தச் செலவை யாராவது ஏற்க வேண்டும். ஏற்க ஆள் இல்லாத இடத்தில் கலைஞர் தன் வயிற்றிலிருந்து ஏற்கிறார்.

கலைஞனுக்குக் கூலி என்பது நான் கண்டுபிடித்த புது ஆசையும் இல்லை. பெருமந்தம் என்ற உலகப் பொருளாதார வீழ்ச்சியின் நடுவில், 1935-இல், அமெரிக்க அரசு ஓவியர்களை வேலைக்கு எடுத்துச் சம்பளம் கொடுத்தது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஓவியர் ஜாக்சன் பொல்லாக் அப்படிச் சம்பளம் வாங்கியவர். அயர்லாந்து 2022-இல் தொடங்கிய சோதனைத் திட்டத்தில் 2,000 கலைத்துறையினருக்கு வாரம் 325 யூரோ கொடுத்தது. அவ்வளவு நம்மால் முடியாது, சரி. ஆறு சனிக்கிழமைக்குக் கூலி கொடுக்க முடியாதா?

"பொதுப் பணம், கணக்கு வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். வருகைப் பதிவேடு வையுங்கள், கையெழுத்து வாங்குங்கள், வங்கிக் கணக்கில் போடுங்கள். இதில் சண்டையே இல்லை.

"இருப்பதே சின்னத் தொகை, ஊதியம் கொடுத்தால் பாதிக் குழுக்களுக்கு மானியம் கிடைக்காது" என்பது நியாயமான கேள்வி. இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. பத்துக் குழுவுக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பதை ஐந்துக்கு ஒழுங்காகக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். விடுபடும் ஐந்தில் எங்கள் குழுவும் இருக்கலாம். இருக்கட்டும்.

"பிடிக்கலைன்னா வாங்காதீங்க" என்று ஒருவர் ஏற்கெனவே எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பிவிட்டார். ஐயா, அந்தப் பணம் யார் வீட்டுப் பணம்? நானும் வரி கட்டுகிறேன், அந்தப் பயிற்சியாளரும் கட்டுகிறார். முதலில் நீ செலவு செய், பில்லைக் கொடு, அப்புறம் தருகிறோம் என்ற விதிக்காக என் அக்காவிடம் கடன் வாங்கி மண்டபத்துக்குக் கட்டினேன். திரும்ப வர ஐந்து மாதம் ஆனது. அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் அவள் கேட்காததுதான் எனக்குக் கேட்டது. இதையெல்லாம் பட்டுவிட்டும் அடுத்த வருடம் விண்ணப்பித்தேன். அந்தக் குழந்தைகளுக்கு வேறு இடம் இல்லை.

ஆர்வம், ஆர்வம் என்கிறீர்களே. மருத்துவருக்கு ஆர்வம் இல்லையா? பாலம் கட்டும் பொறியாளருக்கு இல்லையா? அவர்களுடைய ஆர்வத்தைக் காட்டி யாராவது சம்பளத்தைப் பிடிக்கிறோமா? ஆர்வம் இருக்கிற ஆளை மட்டும்தான் நம்மால் சுரண்ட முடிகிறது. ஆர்வம் இல்லாதவன் முதல் நாளே எழுந்து போய்விடுவான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மூன்று வருடமாக உறுத்துகிறது. பட்டறை முடிந்து கொடுத்த இறுதி அறிக்கையில் ஒரு கட்டம் இருந்தது: "பயிற்சியாளர் இடையில் விலகியிருந்தால் காரணம்." அதில் "சொந்தக் காரணங்கள்" என்று எழுதியது நான்தான். உண்மையை எழுதினால் அடுத்த மானியம் போய்விடுமோ என்ற பயம். கூட்டத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை என்று மேலே எழுதினேன், அந்தக் கட்டத்தை நிரப்பியபோது நானும் சுளிக்கவில்லை. அவருக்குச் சொந்தக் காரணம் எதுவும் இல்லை. நாங்கள் சம்பளம் கொடுக்கவில்லை, அதனால் போனார்.

இந்த வருட விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். செலவு அட்டவணையில் முதல் வரியாகப் பயிற்சியாளர் ஊதியம் என்று எழுதியிருக்கிறேன், பன்னிரண்டு சனிக்கிழமைக்கு. பேனர் செலவை அட்டவணையிலிருந்து நீக்கிவிட்டேன். அவருடைய பழைய எண்ணுக்கு இன்று காலை ஒரு செய்தியும் அனுப்பியிருக்கிறேன். அவர் இன்னும் பார்க்கவில்லை.