பொம்மை ஆஸ்பத்திரிக்கு எதிர்க்கடை

2025 பிப்ரவரி 28 அன்று நியூயார்க் டால்ஸ் என்ற அமெரிக்க ராக் பேண்டின் பாடகர் டேவிட் ஜோஹான்சன் காலமானபோது வந்த அஞ்சலிக் குறிப்புகளைத் தேடித் தேடிப் படித்தேன். எதைத் திறந்தாலும் சுற்றி வளைத்து ஒரே சேதிதான்: நியூயார்க் டால்ஸ் இல்லாவிட்டால் பங்க் ராக் என்ற அந்த முரட்டு, வேகமான இசையே இல்லை. சரி, தப்பில்லை. ஆனால் ஒரு மனுஷனை "இன்னாருடைய அப்பா" என்றே வாழ்நாள் முழுக்கக் கூப்பிட்டு அவர் பெயரையே மறந்துபோவதுபோல இருந்தது. இந்த பேண்டை அதன் பிள்ளைகளை வைத்து மட்டும் எடைபோடுகிறோம் என்பது என் பழைய ஆதங்கம். இன்றைக்குக் கொஞ்சம் நீட்டி எழுதிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1970களின் தொடக்கத்தில் ராக் இசை பெரிய மனுஷத்தனமாக ஆகியிருந்தது. பத்து நிமிடப் பாட்டு, அதில் ஆறு நிமிடம் கிட்டார் ஆலாபனை, மேடையில் யாரும் சிரிக்க மாட்டார்கள். அப்போது இங்கிலாந்தில் மார்க் போலன், டேவிட் போவி போன்றவர்கள் மினுமினுப்புச் சட்டையும் கண்மையுமாக வந்தார்கள். அது கிளாம் ராக். மினுங்கும் அந்த வேஷத்தை நியூயார்க் தெருப் பையன்கள் சிலர் மலிவு விலையில் போட்டுக்கொண்டு, மூன்று நிமிடப் பாட்டுகளைப் படுவேகமாக அடித்தால் எப்படி இருக்கும்? அதுதான் டால்ஸ்.

பேண்டின் பெயர் வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். லெக்சிங்டன் அவென்யூவில் உடைந்த பொம்மைகளைப் பழுது பார்க்கும் 'நியூயார்க் டால் ஹாஸ்பிட்டல்' என்ற கடை இருந்தது. கை போன பொம்மை, கண் விழுந்த பொம்மை எல்லாம் அங்கே வைத்தியத்துக்கு வரும். எதிரே இருந்த துணிக்கடையில் வேலை பார்த்தவர் பேண்டின் கிட்டார்காரர் சில்வைன் சில்வைன். தினமும் பார்த்த பெயர்ப்பலகையில் இருந்து ஆஸ்பத்திரியை மட்டும் கழற்றிவிட்டார்கள். அதையும் சேர்த்தே வைத்திருக்கலாம் என்று பிற்பாடு நடந்த கதை தெரிந்தவர்கள் நினைப்பார்கள்.

சில்வைன் கெய்ரோவில் பிறந்தவர். 1950களில் எகிப்தை விட்டு வெளியேறிய யூதக் குடும்பம். அவருடைய பள்ளித் தோழன் பில்லி மூர்சியா கொலம்பியாவில் இருந்து வந்தவர். பேண்டுக்கு முன்னால் இருவரும் ஸ்வெட்டர் பின்னி விற்றிருக்கிறார்கள். அதே குவீன்ஸ் பகுதிப் பையன் ஜானி தண்டர்ஸ், பிராங்க்ஸில் இருந்து ஆர்தர் கேன், ஸ்டேட்டன் ஐலண்டில் இருந்து ஜோஹான்சன். முதல் கச்சேரி 1971 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, வீடற்றவர்கள் தங்கும் ஒரு பழைய ஹோட்டலில். அடுத்த வருஷம் மெர்சர் ஆர்ட்ஸ் சென்டரில் வாராவாரம் வாசிக்க ஆரம்பித்தார்கள். ஊரே திரண்டு வந்தது. பிற்பாடு 'கிஸ்' என்று முகத்தில் கறுப்பும் வெள்ளையும் பூசிக்கொண்டு கோடிகள் சம்பாதித்தவர்களும் இவர்களைப் பார்த்து ஏங்கியவர்கள்தான்.

அந்த வேஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம்மூர் நாடகத்தில் ஸ்திரீபார்ட் போடுபவர் மேடையில் பெண்ணாகவே தெரிய வேண்டும் என்று பாடுபடுவார். நடை, இடுப்பு, குரல் எல்லாம் மாறும். டால்ஸ் அதற்கு நேரெதிர். முதல் ஆல்பத்தின் அட்டையைப் பாருங்கள். வெள்ளை சோபாவில் ஐந்து பேர், உதட்டுச் சாயம், உயரக் குதிகால் செருப்பு, வாரி எழுப்பிய தலைமுடி. ஆனால் யாரும் பெண்ணாகத் தெரிய மெனக்கெடவில்லை. அக்காவின் பீரோவைத் திறந்து கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்று "என்ன, பார்க்கிறே?" என்று கேட்கிற முகங்கள். அந்தத் துடுக்குதான் அழகு.

இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் பயந்தார்கள். வேடிக்கை பார்க்க வருவார்கள், ரசிப்பார்கள், கையெழுத்து மட்டும் போட மாட்டார்கள். சொந்த ஊரில் ஒப்பந்தம் கிடைக்காமலே 1972 அக்டோபரில் லண்டன் போய் வெம்பிளி அரங்கில் ராட் ஸ்டூவர்ட்டின் ஃபேசஸ் குழுவுக்கு முன்னால் வாசித்தார்கள். அடுத்த வாரம், நவம்பர் 6 அன்று, ஒரு விருந்தில் மயங்கிய பில்லியை எழுப்புகிறேன் என்று குளியல் தொட்டியில் கிடத்தி வாயில் காபியை ஊற்றியிருக்கிறார்கள். மூச்சுத் திணறி இறந்தார். 21 வயது. ஸ்வெட்டர் பின்னிய இரண்டு பேரில் ஒருவர், முதல் ஆல்பம் வருவதற்கு முன்பே போய்விட்டார்.

டிரம்ஸுக்கு ஜெர்ரி நோலன் வந்தார், மெர்குரி கம்பெனி ஒப்பந்தம் போட்டது, டாட் ரண்ட்கிரன் தயாரிப்பில் 1973 ஜூலையில் முதல் ஆல்பம் வெளிவந்தது. ஆல்பத்தின் பெயரும் பேண்டின் பெயர்தான். போட்டவுடன் ஓர் ஊளை, பின்னாலேயே தடதடவென்று பியானோ, கிட்டார். என் தம்பிக்கு முதல்முறை போட்டுக் காட்டியபோது, "ஏண்ணே, இவங்க டியூன் பண்ணாமயே ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அன்றைய விமர்சகர்களில் பாதிப்பேர் கேட்டதும் அதுதான்.

ஆனால் இரண்டாவது பாட்டைக் கவனியுங்கள். தொடக்கத்தில் ஜோஹான்சன் பேசுகிற வரி ஷாங்ரி-லாஸ் என்ற பெண்கள் குழு 1964இல் பாடிய பாட்டில் இருந்து எடுத்தது. பள்ளிக்கூடப் பெண் தோழிகளிடம் காதலைச் சொல்கிற அந்தத் தொனியை ஒரு முரட்டு ஆம்பிளைக் குரல் அப்படியே எடுத்து வைத்துக்கொள்கிறது. அப்புறம் பாட்டு எதைப் பற்றி? அறையில் எல்லோரும் ஊசி போட்டுக்கொண்டு சோகமே உருவாக உட்கார்ந்திருக்கிறார்கள். இவன் மட்டும், நான் அதற்கு வரவில்லை, ராத்திரி முழுக்க மழையில் அலைந்தது ஒரு முத்தத்துக்காக என்கிறான். கேலி, ஏக்கம், போதை உலகத்தின் மேல் ஒரு சலிப்பு என்று மூன்றும் மூன்று நிமிடச் சொச்சத்தில் வந்துபோகின்றன. ஷாங்ரி-லாஸை உருவாக்கிய ஷாடோ மார்ட்டனையே அடுத்த ஆல்பத்துக்குத் தயாரிப்பாளராகப் பிடித்தார்கள் என்றால், அந்தப் பாசம் எவ்வளவு நிஜம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பனை? முதல் ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் 116ஆம் இடம். 1974இல் வந்த இரண்டாவது 167. 'கிரீம்' என்ற ராக் பத்திரிகையின் வாசகர் வாக்கெடுப்பில் 1973இன் சிறந்த புதிய குழுவும் இவர்களே, மிக மோசமான புதிய குழுவும் இவர்களே. அதே வருஷம் பிபிசி தொலைக்காட்சியில் வாசித்து முடித்ததும் நிகழ்ச்சியை நடத்திய பாப் ஹாரிஸ் லேசாகச் சிரித்துக்கொண்டு "மாக் ராக்" என்று ஒரு போடு போட்டார். ராக் மாதிரி ஒரு பாவனை என்று அர்த்தம். அந்தச் சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அன்று மான்செஸ்டரில் 14 வயசுப் பையன் ஒருவன் அதே நிகழ்ச்சியைப் பார்த்து வாயடைத்துப் போனான். பெயர் மோரிசி. அவனிடம் பிறகு வருகிறேன்.

அடுத்து நடந்தது தெரிந்த கதைதான். தண்டர்ஸுக்கும் நோலனுக்கும் ஹெராயின், கேனுக்குக் குடி. மால்கம் மெக்லாரன் என்ற லண்டன் துணிக்கடைக்காரர் 1975இல் கைகொடுக்க வந்தார். என்ன செய்தார் தெரியுமா? சிவப்புத் தோல் உடுப்பு மாட்டி, பின்னால் அரிவாள் சுத்தியல் கொடியைத் தொங்கவிட்டு மேடையேற்றினார். பெண் வேஷத்தையே பொறுக்காத அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேஷம்! ஃப்ளோரிடாவில் நோலனின் அம்மா நடத்திய டிரெய்லர் குடியிருப்பில் தங்கிச் சின்னச் சின்ன ஊர்களில் வாசித்துக்கொண்டிருந்தபோது, தண்டர்ஸும் நோலனும் கிளம்பிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் 1976 வரை இழுத்துப் பார்த்தார்கள்.

மெக்லாரன் ஊர் திரும்பும்போது சில்வைனின் வெள்ளை லெஸ் பால் கிட்டாரையும் கொண்டுபோனார். அது அவர் லண்டனில் நடத்திய பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் கிட்டார்காரர் ஸ்டீவ் ஜோன்ஸ் கையில் போய்ச் சேர்ந்தது. பங்க் வரலாறு எழுதுபவர்கள் இந்தக் கிட்டாரைச் செங்கோல் கைமாறிய மாதிரி எழுதுவார்கள். எனக்கு அது கடன் கொடுத்த சாமான் திரும்பி வராத கதை. புது பேண்டுக்குக் கூப்பிடுகிறேன் என்று மெக்லாரன் சொல்லியிருந்ததை சில்வைன் நம்பிக் காத்திருந்தவர்.

இங்கேதான் எனக்கும் அந்த அஞ்சலிக் குறிப்புகளுக்கும் தகராறு. பங்க் இவர்களிடம் இருந்து எதை எடுத்துக்கொண்டது? சத்தத்தை, வேகத்தை, "வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன" என்ற தெனாவட்டை. பபூனை மேடையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. டால்ஸில் ஆத்திரத்தைவிடக் கிண்டல் அதிகம். தங்களையே கிண்டல் பண்ணிக்கொள்வார்கள், கூடவே பெண்கள் குழுப் பாட்டுகளின் மேல் ஒளிவுமறைவில்லாத ஆசை. லண்டன் பங்க் முறைத்துக்கொண்டே இருந்தது. நியூயார்க் பங்க் குழுவான ராமோன்ஸ் மட்டும் இந்தச் சிரிப்பில் கொஞ்சம் காப்பாற்றினார்கள் என்பேன். மறுப்பவர்கள் கீழே வந்து திட்டலாம்.

இன்னொன்று, தண்டர்ஸ் வழிபாடு. அவர் கிட்டார் சத்தத்துக்கு நானும் அடிமைதான். ஆனால் ஊசியும் கலைந்த தலையுமாக இருக்கும் படத்தைப் போட்டு "வாழ்ந்தா இப்படி வாழணும்" என்று எழுதுகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறது. மனுஷன் 1991 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸில் ஒரு விடுதி அறையில் செத்துக் கிடந்தபோது வயது 38. ஒன்பது மாதம்கூட முழுதாக ஆகவில்லை, 1992 ஜனவரியில் நோலனும் போனார். இதில் வாழ்ந்தது எங்கே இருக்கிறது?

ஜோஹான்சன் பிழைத்துக்கொண்டார். கோட்டு சூட்டு, ஏற்றிச் சீவிய கொண்டை, 'பஸ்டர் பாயின்டெக்ஸ்டர்' என்று புதுப் பெயர். 1987இல் மான்செராட் தீவின் ஆரோ பாடிய ஒரு சோகா (கரீபியன் துள்ளலிசை) பாட்டைத் திரும்பப் பாடி, கல்யாண வீடுதோறும் ஒலிக்கவிட்டார். டால்ஸ் ஆயுள் முழுக்கப் பார்க்காத வெற்றி அது. அந்தப் பாட்டே என் வாழ்க்கைக்குப் பிடித்த சனி என்கிற தொனியில் பிற்பாடு சலித்துக்கொண்டதும் அவரேதான். படங்களில் நடித்தார். ஒரு கிறிஸ்துமஸ் படத்தில் டாக்சி ஓட்டும் பேயாக வருவார்.

அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத்தான் ஆர்தர் கேன் உடைந்துபோனார். கூட நின்று வாசித்தவன் சினிமாவில். தான் குடியும் கடனுமாக ஒரு மூலையில். வீட்டில் பெரிய சண்டை. ஜன்னல் வழியே குதித்துவிட்டார். உயிர் தப்பியது. அதற்குப் பிறகு மார்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ சபையில் சேர்ந்தார், லாஸ் ஏஞ்சலஸில் சபையின் வம்சாவளி நூலகத்தில் வேலை. பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வருவார். வயதான பெண்மணிகள் சக ஊழியர்கள். ஒருகாலத்தில் 'கில்லர் கேன்' என்று அழைக்கப்பட்ட மனிதர் அங்கே வெள்ளைச் சட்டை, டையோடு உட்கார்ந்து பாட்டன் முப்பாட்டன் பெயர்களைத் தேடுகிறவர்களுக்கு உதவிக்கொண்டிருந்தார். அவர் ஆசைப்பட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: பேண்டு திரும்பச் சேர வேண்டும்.

2004இல் அந்த மான்செஸ்டர் பையன் கூப்பிட்டான். பிரிட்டனில் டால்ஸ் ரசிகர் மன்றத்தை நடத்தியவன், இப்போது தானே பெரிய பாடகன், லண்டன் மெல்ட்டவுன் இசை விழாவின் பொறுப்பாளன். பில்லி, தண்டர்ஸ், நோலன் போக மிச்சம் மூன்று பேர். கேனின் பேஸ் கிட்டாரோ அடகுக் கடையில். சபை நண்பர்கள் பணம் போட்டு மீட்டுக் கொடுத்தார்கள். ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ஜூன் மாதம் வாசித்தார். அவருடைய கதையைப் படமெடுத்த கிரெக் வைட்லியின் கேமராவில், மேடைக்கு முன்னால் அவர் முகத்தில் இருக்கும் பயத்தையும் பூரிப்பையும் பார்த்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊர் திரும்பியதும் உடம்பு முடியவில்லை. காய்ச்சல் என்று நினைத்தார்; ரத்தப் புற்றுநோய். ஜூலை 13 அன்று இறந்தார். மேடை ஏறி ஒரு மாதம் ஆகவில்லை.

ஜோஹான்சனும் சில்வைனும் அந்தப் பெயரில் இன்னும் மூன்று ஆல்பங்கள் போட்டார்கள், அதில் 2006இல் வந்தது நன்றாகவே இருக்கும். சில்வைன் 2021 ஜனவரியில் புற்றுநோயில் போனார், கடைசியாக ஜோஹான்சன். ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது வைட்லி படத்தின் முடிவில். பெயர்கள் ஓடும்போது ஒரு பாட்டு வருகிறது. துயரப்பட்ட ஏழை வழிப்போக்கன் ஒருவனைப் பற்றி மார்மன் சபையார் பாடும் பழைய துதிப்பாடல். ஜோஹான்சன் பாடியிருக்கிறார். எந்த ஆளைத் திரையில் பார்த்து கேன் ஜன்னலில் இருந்து குதித்தாரோ அதே ஆள், அவருடைய சபையின் பாட்டை அவருக்காகப் பாடுகிறார். ஊளை கிடையாது. ஆயுள் முழுக்க எதையும் கிண்டலடித்த அந்தக் குரலில் மருந்துக்குக்கூடக் கேலி இல்லை.